தனபாலு என்று கத்தக் கூடாது

எங்கள் சலவைக்கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் கலர்த் துணி புகுந்துவிட்டால் அதற்குத் தனபாலு என்று பெயர். புகவிட்ட ஆளும் தனபாலுதான். சாயம் ஏறிப் பாழான விரிப்புகளைப் போட்டு வைக்கும் இடம் தனபாலு மூலை. "காலங்காத்தால தனபாலு பண்ணிட்டான்", "கொஞ்சம் அசந்தா தனபாலாயிடும்" என்று பேசிப் பேசி, இது யாரோ ஒரு மனுஷனுக்கு அவன் அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயர் என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது.

முதல் தனபாலு யார் என்று யாருக்கும் தெரியாது. துணி மடிக்கும் சித்தியைக் கேட்டால், தன் சிவப்புச் சட்டையை ஓசியில் துவைத்துக்கொள்ளப் பார்த்த ஒரு டிரைவர் என்பாள். மறுபடி கேட்டால் முதலாளியின் மச்சான் என்பாள். ரொம்ப நச்சரித்தால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்பாள்.

நான் இந்தக் கூடத்தின் மேற்பார்வையாளர். எல்லோருக்கும் பெரியக்கா. வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம் என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால்.

அந்தப் பெயரைக் கத்துவதற்கும் காரணம் இருந்தது. எங்களிடம் மூன்று பெரிய டிரம்கள் உண்டு. ஒன்றில் அலசிய தண்ணீரை வீணாக்காமல் அடுத்ததற்கு அனுப்புவோம். ஆகவே ஒன்றில் சாயம் இறங்கினால் மூன்றிலும் இறங்கும். பார்த்தவர் உடனே கத்த வேண்டும், மூன்று பேரும் அவரவர் டிரம்மின் பொத்தானை அமுக்க வேண்டும். அந்த இரைச்சலில் "தனபாலூ" என்று கடைசி எழுத்தை இழுத்துவிட்டால் வாசலில் நிற்கிற வண்டிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு வசதியான பெயர்.

இப்படி இருக்கும்போதுதான் மூன்றாவது டிரம்முக்குப் புது ஆள் வந்தான். நல்ல வேலைக்காரன். கறையை விரலால் தடவியே எண்ணெயா மையா என்று சொல்லிவிடுவான். சோப்புத்தூளை அளக்காமல் போட்டாலும் அளவு தப்பாது. இப்படி ஒருவனை அனுப்பிய கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, பெயரைக் கேட்டேன்.

"தனபாலுங்க்கா."

சித்தி அப்படியே ஒரு தலையணை உறைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகு மட்டும் குலுங்கியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு, "வேற பேரு ஏதாவது இருக்காப்பா?" என்றேன்.

"இல்லீங்க்கா. ஒண்ணுதான் வெச்சாங்க."

மறுநாளே வம்பு ஆரம்பித்தது. துண்டுகளோடு ஒரு ஊதா நிறக் காலுறை சுற்றுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நான் வழக்கம்போலக் கத்தினேன். முதல் டிரம் நின்றது. இரண்டாவது நின்றது. மூன்றாவது டிரம்மை அப்படியே ஓடவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஒருவன் என் முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"கூப்பிட்டீங்களாக்கா?"

"உன்னைக் கூப்பிடலைப்பா, போ."

விஷயத்தை விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, "சரிங்க்கா, இனிமே ஓடி வரலை" என்றான். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு பெயருக்குத் திரும்பிப் பழகியவன் நான் சொன்னேன் என்பதற்காகத் திரும்பாமல் இருக்க முடியுமா? அவன் புத்தி என் பேச்சைக் கேட்டது, கால் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் பாதி தூரம் ஓடி வந்துவிட்டு, ஞாபகம் வந்து, திரும்ப ஓடுவான். ஒருநாள் டீ வந்திருக்கிறது என்று அவனை நிஜமாகவே கூப்பிட்டேன். அன்றைக்கென்று பார்த்து அவன் ஓடி வராமல் பொத்தானை அமுக்கினான், மூன்று டிரம்மும் நின்றுவிட்டன.

இதெல்லாம் எங்களுக்கு நல்ல பொழுதுபோக்காக இருந்தது. அவனும் கூடவே சிரித்தான். சிரிக்கிறவனுக்கு என்ன மனக்குறை இருக்கப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு மேஜை விரிப்புகளோடு ஒரு பச்சை ஏப்ரன் போய்விட்டது. நான் கத்தினேன், அவன் ஓடி வந்தான், மூன்றாவது டிரம் நிற்காமல் சுற்றியது. வெள்ளை வெளேரென்று போன விரிப்புகள் இளம்பச்சையாக வெளியே வந்தன. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. எல்லோருக்கும் நடுவில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு தனபாலு வேலையைப் பார்த்ததே இல்லை! நீயெல்லாம் ஒரு... சுத்தத் தனபாலுடா நீ!"

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. திட்டியதில் தப்பு இருந்தாலும் தகவலில் தப்பு இல்லையே. அவனும் சிரித்தான். வாசலில் சாப்பாட்டு டப்பாவோடு நின்ற ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை.

நேரே என்னிடம் வந்தாள். "நீங்கதான் பெரியக்காவா?"

"ஆமாம்மா."

"எங்க வீட்டுக்காரர் பேரு இங்க கெட்ட வார்த்தையா?"

"சேச்சே! கெட்ட வார்த்தை எல்லாம் இல்லைம்மா. அது சும்மா ஒரு வேலை வார்த்தை. உலகத்துல எத்தனை தனபாலு இருக்காங்க! நாங்க யாரையும் குறிப்பிட்டுச் சொல்றதில்லை."

"எத்தனை பேர் வேணா இருக்கட்டும். எங்க வீட்ல ஒருத்தர்தான் இருக்கார்."

"அவரே சிரிக்கிறாரேம்மா..."

"அவர் எல்லாத்துக்கும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து தனியா உட்கார்ந்துக்கிட்டு, 'நான் ஏன்டி ஒவ்வொரு தடவையும் ஓடறேன்'னு என்னைக் கேட்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?" டப்பாவை அவன் கையில் திணித்தாள். "இந்த வாரக் கடைசிக்குள்ள அந்த வார்த்தை இங்கிருந்து போகணும். இல்லேன்னா இவர் போவார். எங்க அண்ணன் கடையில இவருக்கு இடம் ரெடியா இருக்கு."

அவள் போன பிறகு எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு வார்த்தைக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? ஆனால் ஆத்திரத்துக்குள் பயமும் இருந்தது. வாரக் கடைசியில் புதிதாகத் திறக்கப்போகிற ஓட்டலின் துணிகள் மொத்தமும் எங்களிடம் வருகின்றன. கட்டில் விரிப்பிலிருந்து கைத்துண்டு வரை எல்லாம் வெள்ளை. அதைச் சரியாகச் செய்து கொடுத்தால் ஓட்டல்காரர்கள் நிரந்தரமாக எங்களோடுதான் என்று பேச்சு. இவன் இல்லாமல் என்னால் அதைச் செய்ய முடியாது. அவன் போய்விட்டால் நான் தொலைந்தேன்.

முதலாளி கூட்டம் போட்டார். அவர் சண்டை என்றாலே வியர்க்கிற மனிதர். "இது வசவா, இல்லையா? முதல்ல அதை முடிவு பண்ணுவோம்" என்றார்.

"வசவே இல்லை முதலாளி" என்றாள் சித்தி. "வசவுன்னா அதுல ஒரு மிருகமாவது வரணும். இல்லேன்னா யாரோட அம்மாவாவது வரணும். இதுல ரெண்டும் இல்லையே."

"பேருதானே சித்தி அது" என்றான் முதல் டிரம்காரன். "பேரைச் சொன்னா வசவுன்னா, அப்ப ஆளை எப்படிக் கூப்பிடறது?"

மூலையில் உட்கார்ந்திருந்த தனபாலு கையைத் தூக்கி, "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றான்.

"இருப்பா" என்றார் முதலாளி. "உன்னைப் பத்தித்தான் முக்கியமா பேசிட்டிருக்கோம்."

வசவா இல்லையா என்பது கடைசி வரை முடிவாகவில்லை. அந்தம்மா திரும்பி வருவாள் என்பது மட்டும் எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்தது. எனவே வேறு வார்த்தை தேடினோம். "கலரு" என்று வைக்கலாம் என்றேன். கலர்த் துணி வண்டியை நாள் முழுக்க "கலரு, கலரு" என்று சொல்லித்தான் தள்ளிக்கொண்டு வருகிறார்கள், சரிப்படாது. "ஐயோ" என்று கத்தலாம் என்றான் ஒருவன். சித்தி குனிந்தால் ஒரு ஐயோ, நிமிர்ந்தால் ஒரு ஐயோ. டிரம் எப்போது ஓடுவது?

கடைசியில் முதலாளியே ஒரு வாசகம் எழுதி, பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டார். "வண்ணத் துணி கலந்துவிட்டது, இயந்திரங்களை நிறுத்தவும்" என்று சொல்ல வேண்டுமாம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: "தனபாலு என்று கத்தக் கூடாது."

தனபாலு அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்று படித்தான். "நல்லா இருக்குங்க முதலாளி" என்றான். இந்த முறை சிரிக்கவில்லை.

வாரக் கடைசி வந்தது. மூன்று டிரம்மிலும் ஓட்டல் துணி. எங்கே பார்த்தாலும் பளீரென்று வெள்ளை. கூடத்தில் உலை போல வெக்கை. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே அவன் மனைவி வந்து, டப்பாவோடு வாசற்படியில் நின்றாள். இன்று அவனைக் கையோடு அழைத்துப் போவதா வேண்டாமா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவள் நின்ற தோரணையிலேயே தெரிந்தது. நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். அவள் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பினால், முதல் டிரம்மின் கண்ணாடிக்குள் சிவப்பாக ஏதோ ஒன்று மேலே வந்து, எனக்கு முகம் காட்டிவிட்டு, உள்ளே போனது.

வாயைத் திறந்தேன். தொண்டை வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்ண... வண்ணத் துணி..." என்று தொடங்கினேன். இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. முதல் டிரம்காரன் நான் பாடுகிறேன் என்று நினைத்து, ரசித்துத் தலையை ஆட்டினான். சித்தி, "என்னம்மா?" என்றாள். "கலந்து... கலந்துவிட்டது..." சிவப்பு இன்னொரு சுற்று வந்தது. "இயந்தி..." எனக்கு நாக்கு குழறியது. ஓட்டல் போச்சு, என் வேலை போச்சு, எல்லாம் ரோஜா நிறத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. வாய் தவறி அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போது மூன்றாவது டிரம்மின் பக்கமிருந்து, அடிவயிற்றிலிருந்து, கூரை அதிர ஒரு குரல் வந்தது.

"தனபாலூ...!"

மூன்று டிரம்மும் நின்றன. தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. தனபாலு தன் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு வந்து, முதல் டிரம்மைத் திறந்து, தோள் வரை கையை விட்டுத் துழாவி, அந்தச் சிவப்பை வெளியே இழுத்தான். ஒரே ஒரு தலையணை உறையின் ஓரம்தான் லேசாகச் சிவந்திருந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது.

அவன் கையில் தொங்கியது என் தலைத்துண்டு. வெக்கை தாங்காமல் அவிழ்த்து ஓட்டல் துணிவண்டியின் மேல் போட்டிருந்தேன். அதைத் தெரியாதவர் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை.

சித்தி ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். அவன் மனைவி உள்ளே வந்து தலைத்துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதைப் பண்ணினவங்களுக்கு இங்க என்ன பேருன்னு சொன்னீங்க பெரியக்கா?"

காது வரை எனக்குச் சுட்டது. எத்தனை பேரை அந்த வார்த்தையால் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்! இப்போது இவர்களில் ஒருவர்கூட என்னைப் பார்த்து அதைச் சொல்லிவிடக் கூடாது என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வெறும் வேலை வார்த்தை என்றால் நான் ஏன் கெஞ்ச வேண்டும்? வெட்கமாக இருந்தது. ஆனாலும் நீளமான வாய்க்கு ஒரு நேர்மை வேண்டுமே.

"சொல்லுங்கப்பா" என்றேன். "இன்னிக்கு நான்தான் தனபாலு."

"இல்லீங்க்கா." தனபாலு துண்டை முறுக்கிப் பிழிந்துகொண்டே சொன்னான். "அது என் பேரு. உங்களுக்குத் தர மாட்டேன்."

துண்டை உதறி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு டிரம்மைப் பார்க்கப் போனான். சாதாரணமாகத்தான் சொன்னான். நான்தான் துண்டைத் தலையில் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அவன் மனைவி கொஞ்ச நேரம் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வந்து சாப்பிடுங்க, ஆறிடும்" என்று அவனைக் கூப்பிட்டாள். என் பக்கம் திரும்பாமலே, "திங்கக்கிழமையும் இங்கதானே சாப்பாடு கொண்டாரணும்?" என்றாள். அது என்னைக் கேட்டதுதான். நான் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

அன்று மாலையே சுவரிலிருந்த காகிதத்தை நானே கிழித்தேன். அந்தப் பெயர் இப்போது எங்கள் கூடத்தில் அவன் ஒருவனுக்குத்தான். டீ வந்தால் தனபாலு என்று கூப்பிடுகிறோம், ஒரு டிரம்மும் நிற்பதில்லை, அவன் மட்டும் வருகிறான். கலர் புகுந்தால் என்ன கத்துவது என்பதற்கு இன்னொரு கூட்டம் போட வேண்டும் என்று முதலாளி சொல்லிக்கொண்டே இருந்தார். வியர்க்கும் என்று போடவில்லை.

அடுத்த வாரம் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து சித்தியின் குரல் கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்தது.

"பெரியக்காவோவ்...!"

டீயை அப்படியே வைத்துவிட்டு விழுந்தடித்து ஓடினேன். மூன்று டிரம்மும் நின்றிருந்தன. யாரோ ஒரு நீலக் காலுறையை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கூப்பிட்டீங்களா சித்தி?"

சித்தி மடிக்கிற துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உன்னைக் கூப்பிடலைம்மா, போ."