நல்ல தோல்

தங்கை பிறந்தபோதே கால்களில் தோல் இல்லை. உரசிய இடமெல்லாம் கொப்புளம், உடைந்தால் புண். அம்மா, அப்பா இருவரின் ரத்தத்திலும் ஒளிந்திருந்த கோளாறு அக்காவை விட்டுவிட்டு இவளைப் பிடித்துக்கொண்டது. சொந்தக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் தொட்டாச்சிணுங்கி.

நோயைப் பார்த்தால் பாவம்தான். ஆனால் பிள்ளைக்கு வாய் நீளம், சேட்டை அதைவிட நீளம். அவளை யார் அடிப்பது? ஓர் அறை விட்டால் கன்னம் கையோடு வந்துவிடும். அம்மாவின் கோபமோ எங்காவது இறங்கியாக வேண்டும். டம்ளரை உடைப்பவள் தங்கை, முதுகு வீங்குவது அக்காவுக்கு. "உனக்கென்னடி, நல்ல தோலு" என்பாள் அம்மா, அடித்து முடித்ததும். அதே அம்மாதான் தினமும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கட்டுப் பிரிக்கையில் சின்னவளோடு சேர்ந்து அழுவாள். அக்கா ஊசியால் கொப்புளங்களைக் குத்தி நீரை வடிப்பாள்.

பிறகு புது மருந்து வந்தது. உடம்பில் இல்லாத மரபணுவைப் புண்ணிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஜெல். வாராவாரம் நர்ஸ் வந்து சொட்டுச் சொட்டாக வைத்தாள். கன்னத்துப் புண்தான் முதலில் மூடியது. டாக்டர் விரலால் அழுத்தித் தேய்த்தும் கொப்புளிக்கவில்லை.

"இந்தக் கன்னம் இனிமே மத்த பிள்ளைங்க மாதிரிதாம்மா."

அம்மா அவர் காலில் விழாத குறை. அக்காவுக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவள் மனதில் ஓடிய கணக்கு வேறு. இனி அவரவர் அடி அவரவருக்கு.

வீடு வந்ததும் தங்கை பூச்சாடியை எடுத்து, அம்மா பார்க்கும்போதே, தரையில் போட்டு உடைத்தாள். கன்னத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அடிம்மா. மத்த பிள்ளைங்க மாதிரின்னு டாக்டர் சொல்லிட்டாருல்ல."

அம்மாவின் கை உயர்ந்தது. அக்கா ஓரடி முன்னே வந்தாள். அந்தக் கை சின்னவளின் கன்னத்தை மெல்லத் தடவியது. பிறகு திரும்பி, அக்காவின் கன்னத்தில் பளாரென்று இறங்கியது.

"நீதானே சொல்லிக் குடுத்தே?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா."

"இப்பத்தான் அவளுக்குத் தோலே வந்திருக்கு. அதுக்குள்ள பொறுக்கலியா உனக்கு?"

பொறுக்கவில்லைதான். அதை அம்மா கண்டுபிடித்துவிட்டதுதான் அக்காவுக்கு அறையைவிட வலித்தது.

தங்கை அக்காவின் கன்னத்தில் பதிந்த விரல் தடங்களையே பார்த்தாள். "எனக்கு மட்டும் ஏம்மா இல்ல?" என்று அழ ஆரம்பித்தாள்.

"அழாத கண்ணு, கன்னம் நனையுது" என்று அம்மா பஞ்சால் ஒற்றினாள். அப்படியே அக்காவைப் பார்த்தாள். "மரம் மாதிரி நிக்காத. காலுக்குக் கட்டு மாத்தணும், தண்ணி கொண்டா."

அக்கா தண்ணீரைச் சுட வைக்கப் போனாள்.