'சும்மா' என்றொரு வரி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் திருத்தத்தை அனுப்பிவிட்டு அக்கா சாப்பாட்டு மேசை நாற்காலியில் சாய்ந்தாள். திரையில் பச்சை டிக் ஒவ்வொன்றாக விழுந்தது. கடைசி வரிசையில் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளி நகராமல் நின்றது. 'தம்பியின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது' என்றிருந்தது அதன் பக்கத்தில். கூடவே அவன் படம். படத்தின் ஓரத்தில் அவளுடைய தோளில் பாதி. தம்பி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

கண் தெரியாதவர்களுக்குத் தமிழை வாய்விட்டு வாசித்துக் காட்டும் செயலி அது. யாருக்கும் சொந்தமில்லை. ஆளுக்குக் கொஞ்சம் எழுதுவார்கள், ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்துச் சரி என்றால் சேர்ப்பார்கள். அப்பாவுக்குக் கண் போன வருடம் அவன் அதில் போய் ஒட்டிக்கொண்டான். அங்கே அவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே 'தம்பி'தான். இருபது வயதுப் பிள்ளைகளும் தன்னைத் தம்பி என்று கூப்பிட வேண்டியிருக்கிறது என்பதில் அவனுக்கு ஒரு குஷி. வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து வாசிக்கிற கோப்பு முழுக்க அவன் கைவேலை. தன்னைக் கேட்காமல் அதில் யாரும் கை வைக்கக் கூடாது என்று விதி போட்டு, பொறுப்பாளர் பட்டியலில் தன் பெயரை ஒற்றையாக எழுதியும் வைத்தான். லிஃப்ட் கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கும் அக்கா, "ஊருக்கு உழைச்சு உழைச்சே தேயப் போறே" என்று கிண்டலடிப்பாள். அவன் கோபித்துக்கொள்ளாமல் நாற்காலியில் பாதிக்கு நகர்ந்து, "உக்காந்துதான் பாரேன்க்கா" என்பான். ஒருநாள்கூட அவள் ஐந்து நிமிடம் முழுசாக உட்கார்ந்ததில்லை.

புதன்கிழமை எல்லாருடைய கம்ப்யூட்டருக்கும் ஒரு அப்டேட் வந்தது. அதற்குப் பிறகு செயலி ஒரு வரியை வாசித்துவிட்டு வாயடைத்துப் போயிற்று. தோண்டித் துருவிப் பார்த்ததில், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அரை விநாடி காத்திருக்கச் சொல்லும் ஒரு வரியில் வந்து நின்றாள். அந்தக் காத்திருப்புக்கு அவன் வைத்த பெயர் 'சும்மா'. இப்போது அது முடியாமலே நின்றுகொண்டிருந்தது. பெயரே சும்மாதானே, போகட்டும் என்று அவள் அந்த வரியைத் தூக்கிவிட்டு அப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். குரல் மடமடவென்று செய்தித்தாளை ஒப்பித்தது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அறையில் யாரையோ தேடுகிறவர்போல் தலையைத் திருப்பினார்.

"இதுல அவன் இல்லியே," என்றார்.

"யாருப்பா?"

"ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூச்சு இழுத்துட்டு நிப்பான்ல. நான் வந்துட்டனான்னு பாத்துட்டுதான் அடுத்ததுக்குப் போவான்."

அவள் அந்தக் கோப்பைத் திரும்பத் திறந்தாள். தூக்கிய வரியை இருந்த இடத்திலேயே வைத்து, அது சிக்கிக்கொள்ளும் இடத்தை மட்டும் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அப்பாவின் கம்ப்யூட்டரில் உடனே போட்டுக் கொடுத்துவிட்டாள். மற்றவர்களுக்குப் போக வேண்டியதைத்தான் இன்று அனுப்பினாள்.

பதினொரு மணிக்கு டீச்சர் போன் செய்தார். திட்டத்தை நடத்துகிறவர் அவர்தான். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். அவருக்கும் பார்வை கிடையாது; திட்டத்தில் யார் எது எழுதினாலும் அவர் போன் வாசித்துச் சொல்லும்.

"நாளைக்குப் பரீட்சைம்மா. பதினோரு பிள்ளைங்க. கேள்வித்தாள இதுதான் படிச்சுக் காட்டணும். இப்ப உள்ள சேந்துட்டா சாயங்காலத்துக்குள்ள எல்லா மிஷினுக்கும் போயிரும்."

"நீங்களே சேத்துடலாமே டீச்சர்?"

"அந்தக் கோப்புக்கு அவர்தான் சரின்னு சொல்லணும். இல்லேன்னா பட்டியல்லேருந்து அவர் பேர எடுக்கணும்." டீச்சர் குரல் இறங்கியது. "எடுத்துரலாம்னு மூணு தடவ போனேன். கை வரல. நீ எடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவள் பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு பெயர். அதன் ஓரத்தில் போய் நின்று அழிக்கும் விசையை ஒரு தட்டுத் தட்டினாள். தமிழ் எழுத்து ஒரேயடியாகப் போவதில்லை, முதலில் கொம்பும் சுழியும்தான் கழன்று விழும். 'தம்பி' 'தம்ப' ஆயிற்று. இன்னொரு தட்டில் 'தம்'. மூன்றாவதில் புள்ளியும் போய் 'தம' என்று நின்றது, பேச வாயெடுத்தவனை யாரோ பாதியில் அமுக்கிவிட்ட மாதிரி. அவள் பதறிப்போய் மூன்றையும் திரும்பப் போட்டுவிட்டு எழுந்தாள்.

அவன் அறையில் எல்லாம் அப்படியே இருந்தது. அவனுடைய கம்ப்யூட்டருக்குச் சார்ஜ் ஏற்றித் திறந்தாள். கடவுச்சொல் தெரியும், வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். திட்டத்தின் பக்கத்தில் அவன் இன்னும் வெளியேறாமலே இருந்தான். மேலே அவன் படம், கீழே ஒப்புதல் பொத்தான். செய்வது கள்ளக் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பயமாகவும் இருந்தது. ஆனால் நாளைக்குப் பரீட்சை. யாருக்குச் சரி சொன்னாலும் அவன் இரண்டே சொல்தான் எழுதுவான். அவள் அதையே எழுதினாள்: 'ம், ஓடு.' அழுத்தினாள். மஞ்சள் புள்ளி பச்சையாயிற்று.

ஒரு நிமிடத்துக்குள் போன் அடித்தது. எடுத்தால் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"டீச்சர்?"

"அம்மா… இப்ப என் போன் அவர் பேரச் சொல்லுச்சு. 'ம், ஓடு'ன்னுச்சு. அங்க யாரும்மா இருக்கா?"

நான்தான் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தாள். குனிந்தபோதுதான் கவனித்தாள்: அவன் நாற்காலியில் ஓரமாக ஒண்டிப் பாதியில் உட்கார்ந்திருந்தாள், மறுபாதியை விட்டுவிட்டு. பக்கத்து அறையில் அப்பாவுக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்த குரல் ஒரு வரியை முடித்து, அடுத்த வரிக்கு முன்னால் நின்றது.