ஓடில்லா நத்தைக்கு ஒரு பெயர்

தம்பையா முதலில் கேட்டது பறவை.

"பறவை ஒண்ணும் இல்லியாம்மா? சிட்டுக்குருவி சைஸுல இருந்தாக்கூடப் போதும்."

"இல்ல அங்கிள். புதுப் பறவையெல்லாம் அப்படி லேசுல மாட்டாது."

"மீனு?"

"மீனு என்னோட செக்‌ஷன். சங்கவி அதுல கையே வெக்கல."

"சரி, பட்டாம்பூச்சி? கடைசி வெல சொல்லு."

ரூபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த மறுநொடியே, சாவு விழுந்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டாள். தம்பையா அதைக் கண்டுகொள்ளவில்லை. தீவுத் தலைநகரின் அபர்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மகள் செத்த துக்கத்தைச் சுமந்துகொண்டே மிளகாய் மூட்டைக்கு விலை படியவைத்த மனுஷர். பேரம் அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி, நிறுத்தினால்தான் தெரியும்.

மகள் சங்கவி ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவள். மாயாபந்தர் பக்கத்துக் காட்டில் மழையோடு மழையாகப் பூச்சி புழு சேகரிக்கப் போனவள் காய்ச்சலோடு திரும்பினாள், எழுந்திருக்கவில்லை. கூட வேலை பார்த்தவள் இந்த ரூபா, மரைன் ஹில்காரப் பெண். அந்தக் கடைசிப் பயணத்தில் சங்கவி ஒரு பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்த உயிர் உலகத்தில் இதுவரை யாரும் பெயர் வைக்காதது போலத் தெரிகிறது, அதற்குச் சங்கவியின் பெயரையே வைக்கலாம் என்று சம்மதம் கேட்கத்தான் டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருந்த தம்பையா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"அப்ப என்னதாம்மா அது?"

"நத்தை, அங்கிள்." கொஞ்சம் தயங்கி, "ஆனா ஓடு கிடையாது" என்றாள்.

"நத்தைக்கு இருக்கிற ஒரே சொத்து ஓடு. அதுவும் இல்லியா?"

தம்பையா விவரம் கேட்டார். ரூபா சொன்னாள், அவர் அதைக் கடைக் கணக்கில் மாற்றிப் புரிந்துகொண்டார். பருப்பு என்று ஒரு பெரிய அலமாரி, அதில் துவரைக்கு ஒரு தட்டு, அந்தத் தட்டில் இன்ன ஊர்த் துவரை என்று ஒரு டப்பா. உயிர்களையும் அப்படித்தான் அடுக்குகிறார்கள். பேரில் முதல் வார்த்தை தட்டைச் சொல்லும், இரண்டாவது டப்பாவைச் சொல்லும். டப்பாவின் மேல் முதலில் எழுதிய பேர்தான் செல்லும். அதற்கப்புறம் எந்த நாட்டுக்காரன் வந்தாலும் அந்தப் பேரைத்தான் சொல்லியாக வேண்டும்.

"நூறு வருஷம் கழிச்சும்?"

"எவ்வளவு வருஷமானாலும் அங்கிள்."

"அவளே இத வெச்சுருக்கக் கூடாதா?"

"கண்டுபிடிச்சவங்க தன் பேர தானே வெச்சுக்கிற வழக்கம் இல்ல. உயிரோட இருந்திருந்தா வேற பேருதான் வெச்சிருப்பா."

உயிரோடு இருந்திருந்தால் கிடைக்காத பெயர். என்ன வியாபாரம் இது என்று தம்பையாவுக்குத் தோன்றியது. ஆனாலும் அன்று சாயங்காலமே கடைக்கு வந்த பெங்காலி டீச்சரிடம் சொன்னார். மறுநாள் பஜார் முழுக்கச் சொன்னார். யாராவது 'நத்தையா?' என்று வாயைக் கோணினால், "நத்தைன்னா கேவலமா? உம் பேர்ல ஒரு கொசுவாவது இருக்கா?" என்று கேட்டு அனுப்பினார். மனைவி ஒச்சம்மா மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை, "பேரு வந்துருச்சா?" என்று அவரிடம் கேட்பாள். அவ்வளவுதான் அவள் பேசியதே.

பேர் லேசில் வரவில்லை. ரூபா கட்டுரை எழுதி அனுப்பினாள். அதைப் பார்த்த மெயின்லாண்டு நிபுணர், இந்தச் சாதி நத்தைகள் வெளித்தோற்றத்துக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே அறுத்துப் பார்த்தால்தான் வேறா இல்லையா என்று சொல்ல முடியும், பாட்டிலை என்னிடம் அனுப்பு என்று பதில் போட்டார். இருந்தது ஒரே ஒரு நத்தை. சங்கவி செல்போனில் பிடித்த படமோ மழைத் தண்ணீர் வழிந்து மங்கலாக இருந்தது.

அறுக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் ஒச்சம்மா முதன்முறையாகக் கொஞ்சம் நீளமாகப் பேசினாள். "அறுக்கிறதுக்கு முன்னாடி ஒருக்கா நான் பாக்கணும்."

தலைத்திவசம் நெருங்கியிருந்தது. தம்பையா ரூபாவுக்கு போன் போட்டார்.

"ஆபீஸ்ல இருந்து வெளிய எடுக்கக் கூடாது அங்கிள். அதுக்கு ரூல் எடம் குடுக்காது."

"ஆயிரம் ரூலு இருக்கட்டும். பெத்தவ கேக்குறா."

ரூபா ஒரு மணி நேரத்துக்குச் சம்மதித்தாள். தம்பையா அதை அரை நாளாக்கினார். பாட்டிலை டவலில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்து ரூபா வந்து சேர்ந்தபோது, மறுநாள் அதிகாலை பஸ்ஸில் அவளே மாயாபந்தர் போகிறாள் என்று தம்பையா தெரிந்துகொண்டார். உடனே, "நீ திரும்பி வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டும்மா, உன் ஆபீஸுல பீரோவுக்குள்ளதான தூங்கப்போகுது?" என்றார். ரூபா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒச்சம்மா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "டீக் ஹை, சரி அங்கிள். ஆனா யாரும் தொறக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பையாவுக்குப் பேரம் படிந்த திருப்தி.

திவசத்தன்று காலையில் ஒச்சம்மா மூக்கைச் சுளித்தாள்.

"ஏங்க, இது என்ன சாராய வாடை?"

"ஸ்பிரிட்டு. அதுலதான் ஊறப்போட்டுருக்காக."

"சாமி ரூம்ல சாராயமா? இன்னைக்கா? எம்பிள்ள பேர சாராயத்துல முக்கி வெச்சு நான் விளக்கேத்தணுமா?"

அவள் அழுதிருந்தால்கூட அவர் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். அழவில்லை. தம்பையா யோசித்தார். எண்ணெயை டின்னிலிருந்து பாட்டிலுக்கும், பருப்பை மூட்டையிலிருந்து பாக்கெட்டுக்கும் மாற்றியே ஆளானவர் அவர். சரக்குதானே முக்கியம், அது எதில் கிடந்தால் என்ன? மூடியைத் திறந்து ஸ்பிரிட்டைக் கழிவில் ஊற்றினார். வாடை போகப் பாட்டிலைச் சுத்தமாகக் கழுவினார். ராமேஸ்வரத்திலிருந்து வந்த தீர்த்தச் செம்பின் மூடியை உடைத்து நிரப்பி, நத்தையை ஒரு பூவைப் போல உள்ளே விட்டார். உள்ளே கிடந்த, சங்கவி பென்சிலில் ஊரும் தேதியும் எழுதிய சீட்டையும் மறக்காமல் போட்டார். ஒச்சம்மா பாட்டிலுக்குக் குங்குமம் வைத்தாள்.

மறுநாள் நத்தை ஊறிய திராட்சை மாதிரி பெருத்திருந்தது. அவருக்குச் சந்தோஷம்கூட. சுருங்கிக் கிடந்தது இப்போது உருவமாகத் தெரிகிறதே என்று. அதற்கடுத்த நாள் தண்ணீர் கலங்கியது. நல்ல தண்ணீராக மாற்றி ஊற்றினார். வடக்கே மழை பிடித்துக்கொண்டு ரோடு அடைபட்டு, ரூபா வருவது தள்ளிக்கொண்டே போனது. ஒரு காலையில் பாட்டிலைத் தூக்கினால் உள்ளே நத்தை இல்லை. குழைந்த கஞ்சி மாதிரி ஏதோ சுழன்றது. நாற்றம்.

தம்பையா சாமி ரூம் கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ரூபாவை அழைக்கப் போனை எடுத்தார். என்னவென்று சொல்வது? போனைக் கீழே வைத்தார். பிறகு, சரக்கு கெட்டுப்போனால் கடைக்காரன் செய்யக் கூடாததும் செய்கிறதுமான அந்தக் காரியத்தைச் செய்தார்.

பின்கட்டில் கோஸ் பாத்திக்குப் பக்கத்தில், ஈரப் பலகைக்கு அடியில், அதே விரல் நீளத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடில்லை. பழுப்பு நிறம். மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கிவந்து பாட்டிலை நிரப்பி அதற்குள் போட்டார். அது சுருண்டு, நுரை தள்ளி, முறுக்கிக்கொண்டபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உலர்த்தி வைத்திருந்த சீட்டையும் போட்டு மூடினார். கஞ்சியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டுபோய், மகளுடைய அஸ்தியைக் கரைத்த துறையிலேயே கடலில் ஊற்றினார். ஒச்சம்மாவிடம் மூச்சு விடவில்லை.

ரூபா வந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "அரே, கொஞ்சம் கலங்கியிருக்கே?"

"சொந்தக்காரங்க எல்லாம் கையில தூக்கித் தூக்கிப் பாத்தாகம்மா."

மீன்காரிக்கு நத்தை என்ன தெரியும்? ஸ்பிரிட்டில் கிடந்தால் எல்லா நத்தையும் சுருங்கிய பழுப்புத் தோல்தான். டவலில் சுற்றிக்கொண்டு போனாள். பாட்டில் மெயின்லாண்டுக்குப் பறந்தது. தம்பையா சாமியிடம் வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த நிபுணருக்குக் கண் மங்கலாக இருக்க வேண்டும்.

கண் நன்றாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் ரூபா வந்து உட்கார்ந்தாள். ஒச்சம்மா காபி போட அடுப்படிக்குள் போனாள்.

"அங்கிள், அது புதுசு இல்லியாம்." குரல் கீழே இறங்கியது. "தோட்டத்து நத்தையாம். காய்கறி மூட்டையோட கப்பல்ல வந்து இங்க பரவினது. அனுபவமில்லாத பொண்ணு, அவசரப்பட்டுட்டான்னு எழுதியிருக்காரு."

தம்பையா அடுப்படிப் பக்கம் பார்த்தார்.

"அதோட விடல. அவ எடுத்த மத்த பாட்டிலெல்லாம் மறுபடி செக் பண்ணணுமாம், அதுவரைக்கும் அவ ரிப்போர்ட் எதையும் நம்பாதீங்கன்னு ஆபீஸ்ல பெரியவங்க சொல்லிட்டாங்க. இத்தன வருஷ வேலை அங்கிள். சங்கவி தப்பா பாத்துட்டா போல."

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. தம்பையா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பாப்பா, சத்தம் போடாமக் கேளு. அது அவ கொண்டாந்தது இல்ல. நான் போட்டது."

ரூபாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. தீர்த்தம், கலங்கல், கோஸ் பாத்தி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு புடிச்சாந்துறலாம்ல? நான் ஆள் அனுப்புறேன். எவ்வளவு ஆள் வேணும்?"

"நா போன தடவ மாயாபந்தர் போனதே அதுக்குத்தான். அறுத்தப்புறம் கையில ஒண்ணு இருக்கட்டுமேன்னு. அந்த ஓடை இல்ல அங்கிள். ரோடு போட்டுட்டாங்க. கல்லைக் கொட்டி மூடிட்டாங்க. சுத்து வட்டாரம் பூரா தேடினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லக்கூட இனிமே ஒண்ணும் இல்ல."

பிறகு நிமிர்ந்தாள். "நா எழுதிடறேன். நடந்தத அப்படியே எழுதிடறேன். சங்கவி தப்புப் பண்ணலன்னாவது இருக்கட்டும்."

"எழுதினா உனக்கு?"

ரூபா மழைக்கோட்டின் பித்தானைத் திருகினாள்.

"சொல்லு பாப்பா."

"ஒரே சாம்பிள். எண்ட்ரி போடாம எடுத்துட்டு வந்தேன். நா இன்னும் டெம்பரரிதான் அங்கிள்."

தம்பையா அவளைப் பார்த்தார். மழைக்கோட்டிலிருந்து தரையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத வீடு அவளுடையது. சங்கவியைவிட நாலு மாதம் இளையவள் என்று எப்போதோ கேட்ட நினைவு. ஒரு மணி நேரம் என்று வந்தவளிடம் பேசிப் பேசி நாட்களாக்கியது அவருடைய வாய்தான்.

"எழுதாத" என்றார்.

"சங்கவி பேரு கெட்டுப்போயிரும்."

"செத்தவளுக்கு வேலை போகாதும்மா."

ஒச்சம்மா காபியோடு வந்தாள். ரூபாவின் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். "பேரு என்னைக்கு வருதாம்?"

ரூபா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பையா கடையில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறார். இவ்வளவு கனமானதைச் சொன்னதில்லை.

"வரல ஒச்சம்மா. அது சாதாரண நத்தையாம். பிள்ள அவசரப்பட்டுருச்சாம்."

"யாரு சொன்னது?"

"பெரிய படிப்பு படிச்சவுக. அறுத்துப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்காக."

"எம்பிள்ள தப்பாப் பாக்க மாட்டா." குரலில் கோபம் இல்லை, விலாசம் சொல்கிற மாதிரி இருந்தது. அவள் ரூபாவின் பக்கம் திரும்பினாள். "நீ கூடவே இருந்தவ. நீ சொல்லு தாயி. அவ அவசரப்படுற பிள்ளயா?"

ரூபா தம்பையாவைப் பார்த்தாள். தம்பையா சுவரைப் பார்த்தார்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள் ரூபா. "தப்பாத்தான் பாத்துட்டா."

ஒச்சம்மா குனிந்து, ரூபா இன்னும் வாய் வைக்காத காபி டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.