ஆண் தேனீயின் மாநிலம்

பாறசாலை ஞானசம்பந்தம் பிள்ளை ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளர். குளவி, தேனீ, எறும்பு ஆகியவற்றின் விந்தணு எப்படி அமைந்திருக்கிறது, ஒன்றுக்கொன்று எப்படி மாறுபடுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. அவர் மனைவி பகவதியம்மாள் அக்கம்பக்கத்தில், “அவிய தேனைப் பத்தி ஆராய்ச்சி” என்று சொல்லி வைத்திருந்தாள். குடும்ப மானம் அப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

கூட்டாளி நெய்யாற்றின்கரை சதாசிவன் நாயர். அதே கல்லூரி, அதே மைக்ராஸ்கோப். தேனீயின் விந்தணு தலை எங்கே முடிகிறது, வால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத நீண்ட நூல். எறும்பினுடையது அதில் பாதிகூட இல்லை. புழுக்களில் முட்டையிடும் குட்டிக் குளவி ஒன்றுக்கோ திருகாணி மாதிரி முறுக்கு. இதிலெல்லாம் இருவருக்கும் ஒரு சின்னக் கருத்து வேறுபாடுகூட வந்ததில்லை. சண்டை வந்தது ஊர்ப்பெயரில்.

எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம் அது. கண்ணாடித் தகடு ஒவ்வொன்றிலும் பூச்சியின் பெயரும் பிடித்த இடமும் எழுதி ஒட்ட வேண்டும். சதாசிவன் ‘பாறசாலை, கேரளம்’ என்று எழுதினார். ஞானசம்பந்தம் அதன்மேல் ‘பாறசாலை, தமிழகம்’ என்று ஒட்டினார். இரண்டு மாநிலமும் அன்றைக்குப் பிறந்திருக்கவில்லை. உயிரோடு இருந்த திருவிதாங்கூர்-கொச்சியை எழுத இரண்டு அறிஞர்களுக்கும் தோன்றவில்லை. ஒட்டுவதும் சுரண்டுவதுமாக ஒரு மாதம் போனது. பிறகு பேச்சு நின்றது. மைக்ராஸ்கோப்பை ஆளுக்கொரு நாள் எடுத்துக்கொண்டார்கள்.

தன்னுடைய நாள் ஒன்றில் ஞானசம்பந்தம் பாறசாலைத் தேனீயையும் ‘தேனீ, பாலராமபுரம்’ என்று ஒட்டியிருந்த தகட்டையும் அடுத்தடுத்துப் பார்த்தார். நெய்யாற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த பாலராமபுரம் விந்தணு அதில் பாதி நீளம்கூட இல்லை. விஞ்ஞானிக்கு வரவேண்டிய சந்தேகம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. அன்று பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ்த் தரப்பு எல்லைக் கமிட்டி ரெத்தினதாஸிடம் அதைச் சொல்லியும்விட்டார்.

“அப்போ நம்ம தேனீயும் அவனுக்க தேனீயும் வேற வேற சாதியாக்கும்?” என்று கேட்டார் ரெத்தினதாஸ்.

“அப்படித் தோணுது.”

“போரும் சாரே. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

அடுத்த வாரம் ஞானசம்பந்தம் பாலராமபுரத்திலிருந்து புதிதாக ஆண் தேனீக்களைத் தருவித்து அறுத்துப் பார்த்தார். பாறசாலைத் தேனீ போலவே நூல் நூலாக நீண்டு கிடந்தது. பழைய தகட்டின் காகிதத்தை ஈரம் காட்டி உரித்தார். அடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் சதாசிவனின் கையெழுத்தில் ‘கட்டெறும்பு’. மாநிலத்தை மாற்றுகிற ஆவேசத்தில் யாரோ பூச்சியையே மாற்றியிருந்தார்கள். மேலே இருந்தது தன்னுடைய கையெழுத்துதான் என்பதை அவர் சற்று நேரம் பார்க்காத மாதிரி இருந்தார்.

நேரே ரெத்தினதாஸ் வீட்டுக்குப் போனார். “தப்பாப் போச்சு. அது தேனீ இல்ல, எறும்பு.”

“எறும்புன்னா எறும்பு. நோட்டீஸ் அடிச்சாச்சு. உங்க பேரும் உண்டு.”

“உண்மை வேண்டாமா?”

“எல்லை கிடைக்கட்டு சார். அதுக்குப் பொறவு சாவகாசமா உண்மையச் சொல்லலாம்.”

பொதுக்கூட்டத்தில் ரெத்தினதாஸ் முழங்கினார். நெய்யாற்றைத் தாண்டினால் தேனீகூட வேறு இனம் என்று விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்றார். மேடையில் ஞானசம்பந்தம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு ஜனம் கைதட்டியது. அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “சாரே, இனம் அப்பன் வழியாக்குமே, நம்ம ஆண் தேனீக்கு அப்பன் ஆரு?” என்று கேட்டார்.

பொய்யில் நனைந்து உட்கார்ந்திருந்த மனுஷனுக்கு ஓர் உண்மையாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. எழுந்து மைக்கின் முன் வந்தார்.

“அப்பன் கிடையாது. விந்தணு சேராத முட்டையில இருந்துதான் ஆண் பிறக்கும்.”

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: “எலே, இவன் ஆரைச் சொல்லுதான்?”

ரெத்தினதாஸ் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “சார் சொன்னது அவனுக்க தேனீயப் பத்தியாக்கும்.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலையில் சதாசிவன் வாசலில் வந்து நின்றார். அடி விழும் என்றே ஞானசம்பந்தம் நினைத்தார். தகட்டில் நேர்ந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சதாசிவன் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நானும் அந்தத் தகட்டைப் பாத்தேன் பிள்ளைச் சாரே. நீளம் குறைஞ்சா வேகம் கூடும்னு பாலராமபுரம் மீட்டிங்கில பேசியாச்சு. வேகமுள்ள தேனீ எங்களுக்கதுன்னு. அங்கேயும் நல்ல கைதட்டு கிட்டிச்சு.”

“இனி என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்யண்டா. நம்ம திருத்திச் சொன்னா ரெண்டு கூட்டரும் சேந்து நம்மள அடிப்பானுவ. அந்த ஒரு காரியத்தில ஒத்துமை உண்டு.”

பகவதியம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். “ரெண்டு பேரும் தேனைப் பத்திப் பேசியிருந்தா இந்தப் பாடு உண்டா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த நவம்பரில் எல்லை போட்டார்கள். பாறசாலை கேரளத்தில் நின்றது, பக்கத்துத் தாலுகா விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போனது. கோடு போட்டவர்கள் தேனீயைப் பற்றி இரண்டு தரப்பிடமும் எதுவும் கேட்கவில்லை. தோல்வியில் ஞானசம்பந்தம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சதாசிவன் வந்து கூப்பிட்டார். காட்டாக்கடையில் ஒரு பலாமரத்தில் பெரிய கடந்தைக் குளவிக் கூடு இருக்கிறதாம், ஆண் குளவிகள் வெளிவரத் தொடங்கிவிட்டனவாம். ஞானசம்பந்தம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மரத்தில் யார் ஏறுவது என்று பஸ் நெடுகிலும் இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.