திருத்தணி மொட்டை

“அசையாதடி. கோணிக்கினா அப்புறம் அழிச்சி எழுதணும்” என்றாள் ராஜாமணி.

கலைமதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புருவம் இல்லை. அம்மா மைப்பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசியாகிவிட்டது. மருந்தில் முடி கொட்டியதை ஊருக்குச் சொல்ல முடியாது. திருத்தணி முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லிவிடலாம். ராஜாமணிக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பிறகு புருவமும் உதிரத் தொடங்கியபோதுதான், எந்தச் சாமியும் புருவத்தைக் கேட்பதில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

“யாராச்சும் கேட்டா இன்னா சொல்லுவே?”

“திருத்தணி.”

“எதுக்குன்னு கேட்டா?”

“கவியாவுக்கு நல்ல எடம் அமையணும்னு.”

“அவ்ளோதான். அதுக்கு மேல வாயத் தொறக்காத.”

அன்று தங்கை கவியாவுக்கு நிச்சயதார்த்தம். வல்லம் வடகாலுக்கு அடுத்த அந்த ஊரில் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாலாஜாபாத்திலிருந்து வேனில் வருகிறார்கள். அப்பா பாண்டுரங்கன் பந்தலில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் நிலத்தின் மேல் எழுந்த கம்பெனியில் இப்போது வாட்ச்மேனாக இருப்பவர். முதல்நாள் இரவு டியூட்டி முடித்து அப்படியே வந்திருந்தார். கலைமதியின் கணவன் மோகன் மாமனார் வீட்டு விவகாரங்களில் தலையிடுவதில்லை. “உங்கம்மா சொல்றத கேட்டுக்கோ, எனக்கு இன்னா போச்சு” என்று சொல்லிவிட்டு, பாத்திரம் வாடகைக்கு எடுக்கப் போயிருந்தான். அவன் சொன்னதில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் மார்பை அறுத்தெடுத்த நாளிலிருந்தே அவன் அப்படித்தான் பேசினான்.

ஆனால் கலைமதியின் நெஞ்சை அரித்தது அது அல்ல. போன வாரம் ஆஸ்பத்திரியில் நடந்ததுதான்.

ஊசி போடுவதற்கு முன் டாக்டரம்மா அவளையும் ராஜாமணியையும் உட்காரவைத்துப் பேசினார். சின்ன வயதிலேயே இந்த நோய் வந்த பெண்களின் கட்டிகளை அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தார்கள். கலைமதியின் கட்டியிலும் ஒரு துண்டு போயிருந்தது.

“மார்புல வர்ற புத்துநோய் எல்லாம் ஒண்ணு இல்லம்மா. வெளியில பார்த்தா ஒரே மாதிரி கட்டி. நீ எங்க வேலை பார்த்த?”

“ஒரகடம் டாக்டர். வண்டிக்கு வயர் செட்டு கட்ற லைன்ல.”

“சரி. உன் கம்பெனியில எல்லா லைனும் ஒரே கூரைக்குக் கீழதான். ஆனா எல்லாம் ஓடிட்டே இருக்குமா?”

“இல்ல. ஆர்டருக்குத் தக்கன ஒண்ணு ஓடும், ஒண்ணு நிக்கும்.”

“அதுதான். உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல ஜீன் இருக்கு. கட்டியில எந்த ஜீன் ஓடுது, எது நிக்குதுன்னு பார்த்தா அது எந்த வகைன்னு தெரியும். சில வகைக்கு ஹார்மோன் மாத்திரை கேட்கும். உன் வகையில அந்த மாத்திரை போய்ப் பிடிக்கறதுக்கு இடமே இல்ல. அதனாலதான் இந்த ஊசி. இன்னொண்ணும் உண்டு. இந்த வகை சின்ன வயசுல வந்தா, குடும்ப வழியா வந்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. உங்க பக்கத்துல வேற யாருக்காவது இருந்துதா?”

ராஜாமணி யோசிக்கவே இல்லை. “யாருக்கும் இல்லீங்க டாக்டர்.”

“நல்லா நினைச்சுப் பாருங்க. இருந்தா இவங்க தங்கச்சியை உடனே கூட்டிட்டு வரணும். ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா பிழைக்க வைக்கலாம்.”

“எங்க வம்சத்துல அந்த மாதிரி கெடையாதுங்க.”

கலைமதி, மருந்து ஏற்றத் தன் கையில் முன்கூட்டியே குத்தியிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை கிளியம்மாள் சித்தியை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தனி அறை. மார்பில் எப்போதும் ஒரு துண்டு; துண்டுக்குள்ளிருந்து வரும் நாற்றம். செத்தபோது ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லித்தான் அவளை எடுத்தார்கள். அதைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். கலைமதி சொல்லவில்லை. தன்னால் தங்கையின் கல்யாணம் நின்றது என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து கவியாவிடமும் சொல்லவில்லை. கவியா எதிரில் வந்து சிரிக்கும்போதெல்லாம் இவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் மீனம்மாள் உள்ளே நுழைந்ததும் கலைமதியைப் பார்த்து நின்றாள்.

“இன்னாம்மா இது, சின்னப் பொண்ணு மொட்ட போட்டுக்கினு கீறே?”

“தங்கச்சிக்காக வேண்டிக்கினா சம்பந்தியம்மா. திருத்தணி” என்றாள் ராஜாமணி, தயாராக.

“பாருங்கடி. கூடப் பொறந்தவன்னா இப்டி இருக்கணும்” என்றாள் மீனம்மாள், கூட வந்த பெண்களைப் பார்த்து. “எங்க வூட்லயும் மருமவளுங்க கீதுங்களே, நாத்தனாருக்கு ஒரு மொழம் பூ வாங்க மனசு வராது.”

பெண்கள் சிரித்தார்கள். ராஜாமணி அதோடு விட்டிருக்கலாம். அவள் சுங்குவார்சத்திரம் கடையில் வாங்கிய விபூதியை மடித்து வைத்திருந்தாள். திருத்தணிப் பிரசாதம் என்று கலைமதி கையில் கொடுத்து எல்லாருக்கும் தரச் சொன்னாள். கலைமதி கொடுத்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளையின் அக்கா தன் கையில் வாங்கிக்கொள்ளவில்லை. அருகில் வந்து குனிந்தாள்.

“உன் கையாலயே பூசுக்கா. கல்யாணமாயி ஏழு வருசம் ஆவுது, இன்னும் ஒண்ணும் தங்கல. முடி குடுத்த கை, பலிக்கும்.”

அந்தப் பெண்ணின் கண்கள் மூடியிருந்தன. கலைமதி பூசினாள். கடைத்தெருவில் நிற்கவைத்துப் புடவையை உருவினால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் மீனம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தப்பா நெனைக்காதீங்க. எங்க வூட்ல கேக்கறது வழக்கம். ரெண்டு தலமொறைக்குள்ள யாருக்காச்சும் பெருவியாதி, புத்தி சரியில்லாதது, அப்டி இப்டி...?”

“எங்க வம்சத்துல அந்த மாதிரி கெடையாதுமா.”

“உங்க தங்கச்சி சின்ன வயசுலயே பூட்டாங்களாமே?”

“அது மஞ்சக் காமால.”

டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தை. அதே குரல். கலைமதி விபூதித் தட்டைக் கீழே வைத்தாள்.

“காமால இல்லீங்கம்மா” என்றாள். “சித்திக்கு மார்ல கட்டி. எனக்கும் அதான். அறுத்து எடுத்துட்டாங்க. இது திருத்தணி மொட்ட இல்ல, மருந்துல கொட்டினது.” பிறகு மாப்பிள்ளையின் அக்காவைப் பார்த்து, “மன்னிச்சிக்கோம்மா” என்றாள். கடைசியாகத்தான் கவியாவின் பக்கம் திரும்பினாள். “டாக்டர் உன்ன உடனே இட்டுக்கினு வரச் சொன்னாங்க. நான்தான் சொல்லல.”

மாப்பிள்ளையின் அக்கா முந்தானையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். முருகன் விபூதி என்றும் பார்க்கவில்லை, விரலையும் துடைத்தாள். வேறு இரண்டு பெண்கள் எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவினார்கள். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை; சொன்னாலும் கழுவியிருப்பார்கள்.

“நாங்க வூட்ல கலந்து பேசிட்டு சொல்லி அனுப்பறோம்” என்றாள் மீனம்மாள். பந்தியில் இலை போட்டிருந்தது. சாப்பிடாமலே வேனில் ஏறினார்கள்.

ராஜாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “திருப்தியாடி? இனி எவன் வருவான் இந்த வாசலுக்கு?”

கவியா பட்டுப்புடவையோடு அக்காவின் எதிரில் வந்து நின்றாள். அவளுக்கு இருபத்துநாலு வயது. ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை.

“போன வாரமே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“அவங்களுக்குச் சொல்றதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லணும்னு தோணலையாக்கா உனக்கு? உடம்பு என்னுதுதானே?”

கல்யாணம் நின்றதற்குத் தங்கை அழுதிருந்தால்கூடக் கலைமதி தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை கவியா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்தாள். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ராஜாமணி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பஸ் கிளம்பும் நேரத்தில் தானாக வந்து ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா திரைக்குப் பின்னால் கவியாவைப் பரிசோதித்துவிட்டு வந்தார். “இப்போ எதுவும் இல்ல. ஸ்கேன் ஒண்ணு பார்த்துடுவோம். வருஷா வருஷம் வரணும். கல்யாணம் ஆனாலும் வரணும்.” ராஜாமணியிடம் திரும்பினார். “இப்பவாவது சொல்லுங்கம்மா. யாரு யாருக்கு இருந்துது?”

“என் தங்கச்சிக்கு” என்றாள் ராஜாமணி. “கிளியம்மா. எங்கம்மாவுக்கும் அப்டித்தான் இருந்திருக்கும். அந்தக் காலத்துல யாரு பார்த்தா?”

“வேற?”

ராஜாமணி கலைமதியைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். இடது கையை மார்பின் குறுக்கே வைத்து, புடவைக்கு மேலேயே அக்குளுக்குப் பக்கத்தில் அழுத்திக் காட்டினாள்.

“பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து ஒண்ணு கீது டாக்டர். சின்னவ கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன்.”

கவியா சுடிதார் பொத்தானைப் போட்டுக்கொண்டே திரைக்குப் பின்னாலிருந்து வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“போம்மா” என்றாள்.