உறை கழன்ற பூ

ரோஜாச் செடிகளில் மாட்டியிருந்த காகித உறைகளை அத்தை ஒவ்வொன்றாக உருவி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். டீ தம்ளர் கழுவிக்கொண்டிருந்த குட்டி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். ஈரக் கையோடு ஓடினாள்.

"அய்யோ அத்தை, தொடாதீங்க!"

"நாலு பேர் வந்து போற வீடு, குப்பையைத் தொங்கவிட்ட மாதிரி இருக்கு. என் தம்பி போன அன்னிக்காவது வாசல் லட்சணமா இருக்க வேணாமா?"

அந்தத் தம்பி கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் இருந்தார். தெருவுக்கு அவர் ரோஜாக்காரர். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். நேற்றுச் சாயங்காலம்கூட வெளிர்மஞ்சள் செடி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். விரியாத பூவின் இதழ்களைப் பிய்த்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் கிள்ளி எடுத்துவிட்டு, வேறு மகரந்தம் ஒட்டாதபடி, மொட்டையாக நின்ற நடுப்பகுதிக்கு உறை மாட்டினார். "காலைல கருஞ்சிவப்போட மகரந்தத்தை வெச்சுடலாம் குட்டி. இந்தத் தடவை அமைஞ்சுடும் பாரு" என்றார்.

காபிப் பொடி நிறத்தில், வாசனையோடு ஒரு ரோஜா. ஆயுசு முழுக்க அவருக்கு அந்த ஒரு பைத்தியம்தான்.

குட்டியின் அம்மா அவருடைய நர்சரியில் தொட்டிகளுக்கு மண் நிரப்பும் வேலைக்கு வந்தவள். அப்பன் விட்டுவிட்டுப் போன பிள்ளையாகக் குட்டியும் கூட வந்தாள். வேலைக்காரர்கள் எல்லோரும் 'சார்' என்றார்கள், அவளும் 'சார்' என்றாள். அவர் அம்மாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பிறகும், அம்மாவே போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வார்த்தை மாறவில்லை. மாற்றிக் கூப்பிட அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவரும் கேட்கவில்லை. இனி மாற்றி என்ன ஆகப்போகிறது?

கேட்டில் அமரர் ஊர்தி வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார்.

"முன் சீட்ல ஒருத்தர் உட்காரலாம். அவருக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் யாரு?"

"நான்தான். கூடப் பொறந்தவ. வேற யார் இருக்கா?" என்றாள் அத்தை. சொன்ன பிறகுதான் குட்டியைப் பார்த்தாள்.

குட்டியின் கண் செடி மேலேயே இருந்தது. வெளிர்மஞ்சள் பூவின் மேல் ஒரு தேனீ நடந்துகொண்டிருந்தது. அதன் காலெல்லாம் வேறெங்கிருந்தோ அப்பிக்கொண்டு வந்த மஞ்சள் தூள். அவள் கையை வீசி விரட்டினாள். சாவகாசமாகப் பறந்து போனது.

"என்னடி அப்படிப் பார்க்கிறே? தப்புப் பண்ணிட்டேனா?"

"இது அவர் கடைசியா தயார் பண்ண பூ அத்தை. இனிமே காய் பிடிச்சாலும் எந்த மகரந்தத்துல பிடிச்சதுன்னு தெரியாது. சார் இருந்தா நறுக்கிடுவார்."

நறுக்குவார்தான். "அப்பன் யாருன்னு தெரியாத காயை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்று முதல் தடவை அவர் சொன்னபோது குட்டி பள்ளிக்கூடப் பிள்ளை. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதன்பிறகு அவள் காதுபட அப்படிச் சொன்னதும் இல்லை. கத்தரிக்கோல் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் கத்தரிக்கோலை அவள் ஆணியிலிருந்து எடுத்தாள். எடுத்தவளுக்குக் கை வரவில்லை.

அத்தை கேட்டோரம் நின்ற ரோஜாவைப் பார்த்தாள். ஒரு சீரில்லாமல் படர்ந்து, மங்கலான சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது.

"அதுவும் உறை கழண்ட காய்ல வந்ததுதானே? அதை மட்டும் ஏன்டா வெச்சிருக்கே, அதுக்கு அப்பன் யாருடான்னு ஒரு தடவை கேட்டேன். 'தண்ணி ஊத்துறது நான்தானேக்கா, வேற யாரு?'ன்னான். நான்கூட செடியைத்தான் சொல்றான்னு..."

அத்தை பாதியில் நிறுத்தினாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

குட்டி உள்ளே போய், அவர் அலமாரியில் காயவைத்திருந்த கருஞ்சிவப்பின் மகரந்தக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். பிரஷ்ஷைத் தேடவில்லை. அவர் அவசரத்துக்குச் செய்வதுபோல் மோதிர விரலில் தொட்டுப் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினாள். அத்தை வாளிக்குள் தேடி, கசங்காத உறை ஒன்றை எடுத்து, நீவி நீட்டினாள். குட்டி அதை மாட்டி நூலால் கட்டினாள்.

"ஐயாவை அழைச்சுக்கிட்டுப் போகலாமா?" என்றார் டிரைவர்.

"முன்னாடி நீ உட்காரு" என்றாள் அத்தை. "நான் பின்னாடி அவன்கூட வரேன்."

"இருங்க அத்தை, இதுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

பூவாளி காலியாக இருந்தது. குழாயில் தண்ணீர் மெல்லிசாகத்தான் வந்தது. நிரம்பும்வரை எல்லோரும் நின்றார்கள்.