கொயினா என்ற பேர்

செங்கோடனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. சென்னிமலை நிமிர்ந்து பார்த்தார். சர்க்கார் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தண்டாயுதபாணி.

செத்துக் கிடந்தவன் சென்னிமலைக்கு ஒரே தம்பி. குளிர் நடுக்கி விட்டுவிட்டு வரும் முறைக்காய்ச்சல். ஐந்தே நாள்.

கம்பவுண்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். "எழவு ஊட்டுல கேக்கறது தப்புத்தானுங்க. நான் குடுத்த மருந்துப் பொட்டலம் மிச்சம் இருந்தாக் குடுங்க. ஆத்தங்கரையில ஒரு புள்ளத்தாச்சிக்கு இதே காச்சல். சீமைச் சண்டையில மருந்தே வரமாட்டேங்குதுங்க."

சென்னிமலை கால்விரல் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார்.

அந்த வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தம்பிக்குக் காய்ச்சல் கண்ட முதல் நாள் கம்பவுண்டர் கொடுத்த ஆறு பொட்டலங்களை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். எல்லாவற்றிலும் 'சிங்கோனா' என்றிருந்தது. "முந்தி இதே காச்சல்ல என்னையப் பொழைக்க வெச்சது கொயினாங்கற வெள்ளைப் பொடி. இது வேற என்னமோ. ஏமாத்திப்போட்டான்" என்றார். "இதையாச்சும் குடுத்துப் பாக்கலாமுங்க மாமா" என்று தம்பி பெண்டாட்டி கந்தம்மாள் கெஞ்சியதற்கு அதட்டல்தான் கிடைத்தது. அப்போதே வண்டியைப் பூட்டிக் கொயினா தேடி நாமக்கல் போனார். அங்கிருந்து சேலம். கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பியபோது தம்பிக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

"அதுல கொயினான்னு எழுதலீங்களே" என்றார் இப்போது.

"ரெண்டும் ஒரே மரத்துச் சரக்குங்க. கொயினாங்கறது கடலுக்கு அந்தப்பக்கத்து மலைச்சனங்க பேச்சு. பட்டைன்னு அர்த்தமாம். அந்தப் பட்டையில காச்சல் தெளிஞ்ச ஒரு சீமாட்டியோட ஊர்ப் பேர வெள்ளக்காரன் மரத்துக்கு வெச்சான்னு சொல்லுவாங்க. அதுதான் சிங்கோனா. பட்டையில கொயினாவ மட்டும் தனியாப் பிரிச்சா அந்த வெள்ளைப் பொடி. பிரிக்காம எல்லாச் சத்தையும் சேத்து எடுத்தா இது. இதுக்குள்ளயும் கொயினா இருக்குதுங்க. காச்சலும் கேக்கும். ஏனுங்க, நீங்க..."

கம்பவுண்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே ஒப்பாரி நின்றிருந்தது. கந்தம்மாள் நிலைப்படியைத் தாண்டி வந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. மூத்தார் சென்னிமலை பக்கம் அவள் திரும்பவே இல்லை. முந்தானை முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"ஆறும் இருக்குதுங்க."

நூல்கூடப் பிரியாத பொட்டலங்கள். வாங்கிக்கொண்ட கம்பவுண்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"நிக்காதீங்க சாமி. அந்தப் புள்ளைக்குப் போய்க் குடுங்க."

சைக்கிள் புளியமரத்தைத் தாண்டி மறைந்தது. பிறகு பறைக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தினார்கள்.

"பெரியவரே, வாய்க்கரிசி போடுங்க. உங்குளுதுதான் மொதல்ல" என்றார் யாரோ.

சென்னிமலை குந்தி உட்கார்ந்தார். தம்பியின் உதடுகள் காய்ச்சலில் வெடித்து, இறுகி ஒட்டிக்கிடந்தன. இடது கைவிரலால் மெல்ல விலக்கி, அரிசியை உள்ளே விட்டார். நாலைந்து மணிகள் தாடையில் வழிந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடியும் வாய்க்குள் வைத்தார்.